ஆம்ப்புக்குள்ள ரேடியோ பாடுதா? எந்த வயர் ஏரியலா மாறிடுச்சுன்னு கண்டுபிடிக்கலாம் வாங்க

பாட்டை நிறுத்தியாச்சு, டிவியும் ஆஃப், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மட்டும் ஆன்ல கிடக்கு, அப்போ ஸ்பீக்கருக்குள்ள இருந்து யாரோ குசுகுசுன்னு பேசுற மாதிரி கேக்குது. பக்கத்துல போய் காதை வெச்சா நிஜமாவே யாரோ பேசுறாங்க. மொத தடவை இதை கேக்குறவங்களுக்கு கொஞ்சம் கிலி பிடிக்கும், தப்பில்ல. ஆனா அது பேயும் இல்ல, ஆம்ப் செத்துப்போற அறிகுறியும் இல்ல, உங்க ஆடியோ சிஸ்டம் உங்களை கேக்காமலே ஒரு ரேடியோவா மாறி உக்காந்திருக்கு, அவ்ளோதான்.

பேச்சு மட்டும்தான்னு இல்ல, போன் அடிக்கிறதுக்கு ரெண்டு செகண்டு முன்னாடி வர்ற டர்ர்ர் டிடிட் டிடிட், ஏதோ ஒரு லைட்டை போட்டா மட்டும் வர்ற கரகரப்பு, காரணமே இல்லாம வந்துட்டு போற டிக்டிக் எல்லாமே இந்த ஒரே குடும்பம்தான். எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிற விஷயம் ஒண்ணுதான், அது புரிஞ்சிடுச்சுன்னா புது ஆம்ப், விலை ஒசந்த கேபிள்னு கண்ணை மூடிட்டு செலவு பண்ணாம நேரா பிரச்சனை இருக்கிற இடத்துக்கு போயிடலாம்.

ஒரு ரேடியோவுக்கு குறைஞ்சபட்சம் என்னல்லாம் வேணும்னு யோசிச்சு பாருங்க. அந்த காலத்து கிரிஸ்டல் ரேடியோல பேட்டரியே கிடையாது, நீளமா ஒரு வயர், ஒரு காயில், கலீனான்னு ஒரு கல்லு, அதை தொடுற ஒரு ஊசி, ஒரு இயர்ஃபோன், இதை வெச்சே ஜனங்க ஸ்டேஷன் கேட்டிருக்காங்க. காயில் எந்த ஸ்டேஷன்னு பொறுக்கி எடுக்கத்தான், ஒரே ஒரு ஸ்டேஷன் பக்கத்துலயே பலமா இருந்தா அது கூட தேவைப்படாது. ஆக கண்டிப்பா வேணுங்கிறது ரெண்டே ரெண்டு, ஒண்ணு காத்துல வர்ற அலையை பிடிக்கிற வயர், இன்னொண்ணு கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற ஏதாவது ஒரு பொருள். அந்த ஒரு பக்க வேலையைத்தான் இன்னைக்கு டயோடுன்னு சொல்றோம். ரேடியோ அலை செகண்டுக்கு லட்சக்கணக்குல கோடிக்கணக்குல மேலயும் கீழயும் ஆடுறதால நேரா ஸ்பீக்கர்ல விட்டா ஒண்ணும் கேக்காது, ஆனா டயோடு பாதியை வெட்டிட்டா மிச்சம் இருக்கிறது அந்த அலையோட ஏத்த இறக்கம் மட்டும்தான், அந்த ஏத்த இறக்கம்தான் பேச்சும் பாட்டும்.

இப்போ உங்க ஆம்ப்புக்கு பின்னாடி எட்டி பாருங்க. வயருக்கு பஞ்சமா? ஸ்பீக்கர் வயர், சிடி பிளேயர்ல இருந்து பாட்டை கொண்டு வர்ற ஆர்சிஏ கேபிள், பவர் கார்டு, டிவிக்கு போற ஹெச்டிஎம்ஐ, நெட் கேபிள்னு ஒரு காடே இருக்கும். டயோடுக்கும் பஞ்சம் இல்ல, ஏன்னா உள்ள இருக்கிற சாதாரண டிரான்சிஸ்டர் ஒவ்வொண்ணுலயும் பேஸ், எமிட்டர்னு இருக்கிற ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கிறது ஒரு டயோடுதான், ஐசிக்குள்ளயும் அதே கதைதான். ஆம்ப்பை டிசைன் பண்ணவர் 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒழுங்கா வேலை செய்யணும்னு பண்ணியிருப்பார், அதுக்கு பல மடங்கு மேல இருக்கிற ரேடியோ அலை உள்ள வந்தா முதல் டிரான்சிஸ்டரால அதை அப்படியே பின்தொடர முடியாது, ஒரு பக்கம் வளைஞ்சிடும், வளைஞ்ச உடனே அது டயோடு மாதிரி நடந்துக்கும். அந்த இடத்துல பிறக்குற சின்ன பேச்சு சத்தத்தை அதுக்கு அப்புறம் வர்ற மத்த டிரான்சிஸ்டர் எல்லாம் ரொம்ப விசுவாசமா பெருசு பண்ணி ஸ்பீக்கருக்கு அனுப்பி வைக்கும்.

இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம் வருது, தயவு செஞ்சு இதை மட்டும் மனசுல ஏத்திக்கோங்க. முதல் டிரான்சிஸ்டரை தாண்டின உடனே அது ரேடியோ கிடையாது, சாதாரண ஆடியோ. உங்க பாட்டும் அதுவும் ஒரே ஜாதி ஆயிடுச்சு, இனிமே ஈக்வலைசர், டோன் கண்ட்ரோல், எந்த ஃபில்டரும் அதை தனியா பிரிச்சு எடுக்க முடியாது. அதனால தடுக்கணும்னா வாசல்லயே தடுக்கணும், வாசல்னா ஏதோ ஒரு வயர். எந்த வயர்ங்கிறதுதான் இந்த மொத்த கட்டுரையும்.

வயர் நீளத்துக்கும் இதுல பங்கு இருக்கு. 300ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா அலையோட நீளம் மீட்டர்ல வரும், அதுல கால்வாசி நீளம் இருக்கிற வயர் அந்த அலையை நல்லா பிடிக்கும். எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸ்னா அலை 3 மீட்டர், கால்வாசி 75 செமீ, அதாவது சிடி பிளேயர்ல இருந்து ஆம்ப்புக்கு போடுற சாதாரண கேபிள் நீளம். 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோ (பொது ஜனங்க பேசிக்கிற ரேடியோ)ன்னா கால்வாசி சுமார் 2.75 மீட்டர், அது சரியா ஸ்பீக்கர் வயர் அளவு. 900 மெகாஹெர்ட்ஸ் மொபைல்னா 8 செமீ தான், அதுக்கு வெளி வயரே வேண்டாம், பெட்டிக்குள்ள போற குட்டி வயரே போதும். மீடியம் வேவ் ஏஎம் ஸ்டேஷன் 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறதால கால்வாசியே 75 மீட்டர் வரும், அவ்ளோ நீள வயர் வீட்டுல எங்க இருக்குன்னு கேட்டா, சுவத்துக்குள்ள ஓடுற மொத்த கரண்டு வயரிங்கும் இருக்கே. கணக்கு அச்சு பிசகாம பொருந்தணும்னு அவசியம் இல்ல, டிரான்ஸ்மிட்டர் பக்கத்துல இருந்தா எந்த நீளமும் பிடிக்கும், ஆனா எதை மொதல்ல சந்தேகப்படணும்னு இது காட்டி குடுக்கும்.

சத்தமே ஆளை காட்டி குடுக்கும்

எதையும் பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்து கேளுங்க, முடிஞ்சா போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க (போனை தள்ளி வெச்சு பண்ணுங்க, இல்லைன்னா அதோட சத்தத்தையே ரெக்கார்ட் பண்ணிட்டு இருப்பீங்க).

டர்ர்ர் டிடிட் டிடிட்னா அது 2ஜி ஜிஎஸ்எம். அந்த போன் தொடர்ந்து சிக்னல் அனுப்பாது, 4.615 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சின்னதா ஒரு வெடிப்பு மாதிரி அனுப்பும், அதாவது செகண்டுக்கு சுமார் 217 தடவை, அந்த 217 ஹெர்ட்ஸ்தான் நமக்கு டர்ர்ர்னு காதுல விழுது. போன் அடிக்கிறதுக்கு முன்னாடியே சத்தம் வர்றதுக்கும் மர்மம் ஒண்ணும் இல்ல, டவர் கூட போன் பேசி முடிச்சப்புறம்தான் பெல் அடிக்கும். 3ஜி வந்தப்புறம் சிக்னல் போற விதமே மாறிட்டதால இந்த டர்ர்ர் ரொம்ப குறைஞ்சிடுச்சு, ஆனா சிக்னல் கம்மியா இருக்கிற இடத்துல போன் 2ஜிக்கு இறங்குச்சுன்னா பழைய பாட்டு திரும்ப ஆரம்பிச்சிடும்.

பேச்சும் பாட்டும் தெளிவா புரியுதுன்னா பக்கத்துல ஏஎம் ஸ்டேஷன், அதாவது அலையோட உயரத்தை மாத்தி பேச்சை அனுப்புற ஸ்டேஷன் இருக்குன்னு அர்த்தம். பேச்சுதான், ஆனா வாத்து கத்துற மாதிரி, தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி, ஒரு வார்த்தை கூட புரியலைன்னா அது எஸ்எஸ்பி (சிங்கிள் சைடுபேண்ட்)ங்கிற முறை, பெரும்பாலும் பக்கத்துல எங்கயோ ஒரு ஹேம் ரேடியோக்காரர், அதாவது லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோல பேசுறவர் இருக்கார். டப் டப்-டப் டப்னு விட்டு விட்டு தாளம் போட்டா மோர்ஸ். எஃப்எம்ல அலையோட உயரம் மாறாம ஃப்ரீக்வென்சி மட்டும்தான் மாறும், டயோடுக்கு உயரம் மாறினாத்தான் வேலை, அதனால வாக்கிடாக்கி மாதிரி எஃப்எம் செட்ல பேச்சு வராம பட்டனை அழுத்துறப்போ ஒரு டொப், விடுறப்போ ஒரு டொப்னு மட்டும் வரலாம்.

செகண்டுக்கு பத்து தடவை கணக்கா டிக்டிக்டிக்னு ஓடிட்டே இருந்தா வைஃபை ரௌட்டரை பாருங்க, நான் இங்க இருக்கேன்னு அது பெரும்பாலும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கத்திட்டே இருக்கும். வீட்டு கார்ட்லெஸ் போன் டெக்ட் வகையா இருந்தா அது செகண்டுக்கு 100 தடவை, இது ரொம்ப ஏமாத்தும், ஏன்னா கரண்டு ஹம் மாதிரியே இருக்கும். ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகுறப்போ, ஸ்விட்சை தட்டுறப்போ ஒரே ஒரு டப்னா அது ஸ்பார்க். ஒரு ரூம்ல எல்ஈடி லைட் போட்டா மட்டும் ஸ்ஸ்ஸ்கரகரன்னு வந்தா அந்த லைட்டோட டிரைவர், அதுக்குள்ள ஒரு ஸ்விட்சிங் சப்ளை கரண்டை செகண்டுக்கு பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுது, மலிவான சார்ஜர், லேப்டாப் அடாப்டர் எல்லாம் இதே ஜாதி.

இன்னொரு பக்கம், ரேடியோவே இல்லாததும் இருக்கு, அதையும் பிரிச்சு பாக்கணும். உம்ம்ம்னு ஆழமா, மாறாம, எப்பவும் ஒரே மாதிரி வர்ற 50 ஹெர்ட்ஸ் (சில நாட்டுல 60) சத்தம் பெரும்பாலும் கிரவுண்ட் லூப், ரெண்டு பெட்டி ரெண்டு வழியா எர்த் ஆகி நடுவுல கரண்டு சுத்துது. அதுக்கு மருந்து வேற, இங்க சொல்ற எதுவும் அதுக்கு வேலை செய்யாது. கம்ப்யூட்டர்ல யூஎஸ்பி வழியா வர்ற கீச்னு ஒரு சத்தமும் அப்படித்தான், அந்த லைன்ல செகண்டுக்கு 1000 தடவை துடிப்பு போறதால சுமார் 1000 ஹெர்ட்ஸ்ல விசில் மாதிரி கேக்கும், மவுஸை நகர்த்தினா மாறும். காதை ஸ்பீக்கர் கிட்ட வெச்சாத்தான் கேக்குற லேசான ஸ்ஸ்ஸ் எல்லா ஆம்ப்லயும் இருக்கும், அதை விட்டுடுங்க.

வேட்டை

மொத டெஸ்ட் வால்யூம். இதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஆனா பாதி பதில் இதுலயே வந்துடும். சத்தம் வர்றப்போ வால்யூமை ஏத்தி இறக்குங்க. கூடவே சத்தமும் ஏறி இறங்குச்சுன்னா ரேடியோ வால்யூமுக்கு முன்னாடி எங்கயோ உள்ள வருது, அதாவது சிடி பிளேயர், டிவி, டர்ன்டேபிள், இல்லைன்னா அதுங்களோட கேபிள். வால்யூமை சுத்தமா பூஜ்யத்துல வெச்சாலும் அதே சத்தம் அப்படியே நிக்குதுன்னா வால்யூமுக்கு அப்புறமா வருது, அப்போ சந்தேகம் ஸ்பீக்கர் வயர் மேலயும் பவர் கார்டு மேலயும்.

ஸ்பீக்கர் வயர்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க, அது வெளிய போற வயர் ஆச்சே, அது வழியா எப்படி உள்ள வரும்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். கிட்டத்தட்ட எல்லா ஆம்ப்லயும் ஃபீட்பேக்னு ஒண்ணு இருக்கு, வெளிய போற சிக்னல்ல கொஞ்சம் எடுத்து திரும்ப முன்னாடி இருக்கிற டிரான்சிஸ்டருக்கே குடுத்து, நான் சொன்ன மாதிரிதான் வெளிய போகுதான்னு சரி பாக்குற ஏற்பாடு. ஸ்பீக்கர் வயர் பிடிச்ச ரேடியோ அலையும் அந்த சரி பாக்குற வழியா நைசா பின்வாசல் வழியா நுழைஞ்சு முதல் டிரான்சிஸ்டர் கிட்ட போய் நின்னுடும். ரூமோட மூலைக்கு மூலை இழுத்த 5 மீட்டர், 10 மீட்டர் வயர் வேற, இதை விட நல்ல ஏரியல் வீட்டுல கிடையாது.

அடுத்தது ஒவ்வொண்ணா பிடுங்குறது. ஆம்ப்பை ஆஃப் பண்ணுங்க, பவர் கார்டும் ஸ்பீக்கர் வயரும் தவிர மத்த எல்லாத்தையும் கழட்டுங்க, கழட்டுறதுன்னா ஆம்ப் பக்கம் கழட்டணும், அந்த பக்கம் கழட்டிட்டு வயரை தொங்க விட்டா அந்த தொங்குற வயரே இன்னும் நல்ல ஏரியல் ஆயிடும். ஆன் பண்ணி கேளுங்க. சத்தம் போயிடுச்சுன்னா ஒவ்வொரு கேபிளா திரும்ப மாட்டுங்க, எதை மாட்டினதும் வருதோ அதுதான் ஆளு. காலியா இருக்கிற இன்புட்டும் சில நேரம் பிடிக்கும், அதுக்கு நடு பின்னையும் வெளி வளையத்தையும் ஒண்ணா சேத்து சால்டர் பண்ண ஒரு ஆர்சிஏ பிளக்கை மாட்டலாம், ஆனா அதை இன்புட்ல மட்டும்தான் மாட்டணும், அவுட்புட்ல மாட்டினா ஷார்ட் ஆகி வேற செலவு வந்து நிக்கும்.

எல்லாத்தையும் கழட்டியும் சத்தம் நிக்கலைன்னா ஸ்பீக்கர் வயரையும் எடுத்துட்டு ஹெட்ஃபோன்ல கேளுங்க. ஹெட்ஃபோன்ல இல்ல, ஸ்பீக்கர் வயரை மாட்டினா மட்டும் இருக்குன்னா கேஸ் முடிஞ்சது. இடையில ஒரு சின்ன வேலை, சத்தம் வர்றப்போ ஒவ்வொரு சிக்னல் கேபிளையும் கையில பிடிச்சு, கொஞ்சம் நகர்த்தி, திசை மாத்தி பாருங்க, எதை தொட்டா சத்தம் மாறுதோ அதுல ரேடியோ ஓடுதுன்னு அர்த்தம். பவர் கார்டை வெச்சு இந்த விளையாட்டு வேண்டாம்.

இது வரைக்கும் தேடினது வாசலை. திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கானான்னு பாக்க பேட்டரில ஓடுற சின்ன ஏஎம் ரேடியோ ஒண்ணு போதும், இதுக்கு சமமான கருவி இல்லைன்னே சொல்லுவேன். ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்துல ட்யூன் பண்ணி, வால்யூமை ஏத்தி, வீட்டுக்குள்ள ஒரு சுத்து வாங்க. சார்ஜர், எல்ஈடி லைட், டிவி, ரௌட்டர் அடாப்டர், டிம்மர்னு ஒவ்வொண்ணு கிட்டயும் கொண்டு போனா குத்தவாளி கிட்ட போனதும் கர்ர்ர்னு கத்தும். ரேடியோவை கையில வெச்சு மெதுவா திருப்புங்க, உள்ள ஏரியலா இருக்கிற ஃபெரைட் கம்பியோட முனை சத்தம் வர்ற திசையை பாத்து நிக்கிறப்போ இரைச்சல் குறையும், அதை வெச்சு திசையையும் ஓரளவு பிடிக்கலாம். அதுவும் சரிப்படலைன்னா மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு அதே பேட்டரி ரேடியோல கேளுங்க, சத்தம் நின்னா திருடன் வீட்டுக்குள்ள, நிக்கலைன்னா வெளிய. வீட்டுக்குள்ளன்னா பிரேக்கரை ஒவ்வொண்ணா போட்டு எந்த லைன்னு சுருக்கிக்கலாம்.

நான் இந்த வரிசையை ஒழுங்கா பின்பத்தாம பட்டது கொஞ்ச நஞ்சம் இல்ல. ரெண்டு வாரம் கேபிளா மாத்திட்டே இருந்தேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரியே ஒரு பிரமை வேற, கடைசில பாத்தா ஆம்ப் மாட்டின அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, எப்பவும் எதுவும் மாட்டாம சும்மா செருகி கிடந்த ஒரு போன் சார்ஜர். அதை பிடுங்கினதும் மொத்தமும் நின்னுச்சு. பேட்டரி ரேடியோவை அன்னைக்கே எடுத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

மருந்து

திருடன் வீட்டுக்குள்ள இருந்தா அவனை மாத்துங்க, இல்ல தள்ளி வைங்க, அதுதான் முதல் மருந்து. சார்ஜரை வேற பாயின்ட்ல போடுங்க, ரௌட்டரை ஆம்ப் தலை மேல வைக்காதீங்க, போனை ஒரு ரெண்டு மீட்டர் தள்ளி வைங்க. இதுல ஒரு நல்ல செய்தி இருக்கு, டிரான்சிஸ்டர் டயோடா நடந்துக்கிறப்போ வர்ற சத்தம் ரேடியோ அலையோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும், அதனால உள்ள வர்ற அலை பாதியானா சத்தம் பாதி ஆகாது, கால்வாசி ஆயிடும். கொஞ்சூண்டு தள்ளி வெச்சதுக்கே இவ்ளோ குறையுதேன்னு ஆச்சரியமா இருக்கும், காரணம் இதுதான்.

திருடனை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது, வெளிய ஸ்டேஷன் இருக்கு, டவர் இருக்குன்னா ஃபெரைட். லேப்டாப் அடாப்டர் வயர்ல குண்டா உருளை மாதிரி ஒண்ணு இருக்குமே, அதேதான். கேபிள் மேல கவ்வுற மாதிரி ரெண்டு பாதியா தனியாவும் வரும், வளையமாவும் வரும். நிறைய பேருக்கு வர்ற பயம், இதை மாட்டினா பாட்டோட தரம் கெட்டுடுமான்னு. கெடாது, ஏன்னு பாருங்க. ஸ்பீக்கர் வயர்ல ஒரு இழைல பாட்டு போகுது, அதே கரண்டு அடுத்த இழைல திரும்பி வருது, ரெண்டையும் சேத்து ஃபெரைட்டுக்குள்ள விட்டா போறதோட காந்தமும் வர்றதோட காந்தமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், ஃபெரைட்டுக்கு அங்க எதுவும் நடக்குறதே தெரியாது. ஆனா காத்துல இருந்து பிடிச்ச ரேடியோ ரெண்டு இழைலயும் ஒரே திசைல ஓடும், அது அடிச்சுக்காது, ஃபெரைட் அதை மட்டும் மறிச்சு சூடாக்கி தீத்துடும். அதனால எப்பவும் கேபிளை முழுசா உள்ள விடணும், ஒரு இழையை மட்டும் பிரிச்சு விட்டா மொத்த தத்துவமும் போச்சு. பவர் கார்டும் அப்படியே, உறையை பிரிக்காம முழு கார்டையும் சுத்தணும்.

ஒரு தடவை மாட்டிட்டு ஒண்ணும் மாறலைன்னு தூக்கி போடுறவங்க ஜாஸ்தி, அவங்க விடுற தப்பு சுத்து எண்ணிக்கைல. ஃபெரைட் துளைக்குள்ள வயர் எத்தனை தடவை போகுதோ அத்தனை சுத்து, தடுக்கிற சக்தி ஏறக்குறைய அந்த எண்ணிக்கையோட வர்க்கமா ஏறும், ஒரு சுத்துக்கு ஒரு மடங்குன்னா மூணு சுத்துக்கு ஒன்பது, அஞ்சு சுத்துக்கு இருபத்தஞ்சு. எஃப்எம் மாதிரி உயரத்துல இருக்கிறதுக்கு கவ்வுற கிளிப் ஒண்ணு ரெண்டே உதவும், ஆனா ஏஎம் ஸ்டேஷனுக்கும் ஹேம் ரேடியோவோட ஷார்ட்வேவுக்கும் ஒரே ஒரு சுத்து கிளிப் போட்டா அது வெறும் அலங்காரம், பெரிய வளையம் வாங்கி பல சுத்து சுத்தணும். அதுக்காக எல்லாத்துக்கும் இருபது சுத்து சுத்திடாதீங்க, சுத்து ஏற ஏற சுத்துக்கு சுத்து நடுவுலயே ரேடியோ தாவி போக ஆரம்பிக்கும், மேல் ஃப்ரீக்வென்சிக்கு பலன் குறைஞ்சிடும். ஃபெரைட்லயும் கலவை நம்பர் உண்டு, ஷார்ட்வேவ் தொல்லைக்கு 31ம் நம்பர் கலவைன்னு கேட்டு வாங்குறது நல்லது, எங்கயோ கிடந்த பேர் தெரியாத வளையம் ரேடியோக்காகவே இல்லாம வேற வேலைக்கு செஞ்சதா இருக்கலாம். மாட்டுற இடம் ஆம்ப் ஓரமா, கனெக்டருக்கு எவ்ளோ பக்கமோ அவ்ளோ பக்கம், ஏன்னா ஃபெரைட்டுக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல விடுற வயர் திரும்ப ஏரியல் ஆயிடும். கிளிப் வகைன்னா ரெண்டு பாதியும் இடைவெளி இல்லாம மூடணும், தலைமுடி அளவு சந்து இருந்தாலும் பாதி பலம் போயிடும்.

கேபிளை சின்னது பண்றதும் மருந்துதான். ஒண்ணரை மீட்டர் போதும்கிற இடத்துல நாலு மீட்டர் வயரை போட்டு மிச்சத்தை பின்னாடி குவிச்சு வெச்சிருப்போம், அதை வெட்டுங்க. ஸ்பீக்கர் வயர் ரெண்டு இழையும் தனித்தனியா ஓடினா நல்லா முறுக்கி விடுங்க. கனெக்டர் எல்லாத்தையும் ஒரு தடவை கழட்டி, தொடைச்சு, திரும்ப இறுக்கி மாட்டுங்க, ஏன்னா களிம்பு பிடிச்ச உலோகம் உலோகத்தை தொடுற இடமே ஒரு டயோடு மாதிரி நடந்துக்கும், அந்த கலீனா கல்லு மேல ஊசி வெச்ச கதைதான். இது மட்டும் பண்ணி சரியானதை நான் பல தடவை பாத்திருக்கேன், அதனால இதை சின்ன வேலைன்னு ஒதுக்காதீங்க.

ஷீல்டு கேபிள் போட்டா போதுமான்னா, போதும்னு சொல்ல முடியாது. நல்ல ஷீல்டு கேபிள்ல கூட ஷீல்டு மேல ரேடியோ கரண்டு ஓடத்தான் செய்யும், அது ஆம்ப்போட உலோக பெட்டில போய் சேந்துட்டா பிரச்சனை இல்ல. ஆனா பல பெட்டில ஷீல்டை பெட்டியோட சேக்காம நேரா உள்ள இருக்கிற போர்டோட கிரவுண்டுக்கு இழுத்துட்டு போயிருப்பாங்க, அப்போ தடுக்க வந்த ஷீல்டே கையை பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துடும். மைக் கேபிள்ல இருக்கிற மூணு பின் எக்ஸ்எல்ஆர் கனெக்டர்ல ஷீல்டு 1ம் பின்ல வர்றதால இதுக்கு பின் 1 பிரச்சனைன்னே பேரு, நீல் மன்சிங்கிற ஆடியோ இன்ஜினியர் 1995ல எழுதினப்புறம்தான் ஆடியோ உலகம் இதை சீரியசா எடுத்துக்கிச்சு, அப்புறம் 2005ல ஏஇஎஸ்48னு ஒரு தரமே வந்துச்சு. நம்ம கையில இருக்கிற பெட்டில இந்த கோளாறு இருந்தா தங்க முலாம் பூசின கேபிள் எத்தனை மாத்தினாலும் போகாது, ஃபெரைட்தான் கை குடுக்கும். அதே மாதிரி ஆம்ப்பை சுத்தி அலுமினிய ஃபாயில் சுத்துறதும் வேண்டாம், ரேடியோ வர்றது பெரும்பாலும் பெட்டி வழியா இல்ல, வயர் வழியா, ஃபாயிலால கிடைக்கப்போறது ஆம்ப்புக்கு மூச்சு முட்டி சூடாகுறது மட்டும்தான்.

டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்) வெச்சிருக்கவங்களுக்கு ரெண்டு வார்த்தை தனியா. ஊசியை பிடிச்சிருக்கிற கார்ட்ரிஜ்ல எம்எம், எம்சின்னு ரெண்டு வகை, எம்எம் கார்ட்ரிஜ்ல வர்ற சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட், சிடி பிளேயர் குடுக்கிறது முழு சத்தத்துல 2 வோல்ட், அதாவது நானூறு மடங்கு வித்தியாசம், எம்சி கார்ட்ரிஜ்ல அதையும் விட பத்துல ஒரு பங்குதான் வரும். அதனால டர்ன்டேபிளை மாட்டுற ஃபோனோ இன்புட் எப்பவும் காதை தீட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கும், மத்த எதுலயும் கேக்காத ஸ்டேஷன் ஃபோனோல மட்டும் பாடும். தனியா வர்ற அந்த மெல்லிசு கிரவுண்ட் வயரை மாட்டியிருக்கீங்களான்னு மொதல்ல பாருங்க, அப்புறம் டோன்ஆர்ம் (ஊசியை தாங்குற கை) கேபிள்ல ஃபெரைட். சால்டரிங் தெரிஞ்சவங்க சாதாரண லைன் இன்புட்ல நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 100 பிகோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒண்ணை கால் குட்டையா வெட்டி போடுவாங்க, அது ரேடியோவை கிரவுண்டுக்கு தள்ளிவிடும், 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் பாட்டை தொடாது. ஆனா எம்எம் ஃபோனோல அதே 100 பிகோஃபாரட் கார்ட்ரிஜ் கூட சேந்து ட்ரெபிளையே மாத்திடும், அங்க கணக்கு பாக்காம கை வைக்காதீங்க.

ஸ்பீக்கர் முனைல கெப்பாசிட்டர் போடுங்கன்னும் யாராவது சொல்லுவாங்க, அதை பழகாதவங்க விட்டுடுறது நல்லது, சில ஆம்ப் அதை பாத்ததும் தானா ஆட ஆரம்பிச்சு சூடாகி போயிடும், சிலதுல நெகட்டிவ் முனையே கிரவுண்ட் கிடையாது. அதை விட மோசமான யோசனை பவர் கார்டோட எர்த் பின்னை வெட்டுறது. அது உயிரை காப்பாத்த வெச்சது, சத்தத்துக்காக அதை வெட்டாதீங்க, எவ்ளோ பெரிய ஆள் சொன்னாலும் வெட்டாதீங்க.

வெளிய இருந்து வருதுன்னா நேரத்தை ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. ஹேம் ரேடியோன்னு தோணினா அந்த ஆள் கிட்ட சண்டைக்கு போகாம நோட்டோட போங்க, அவங்கள்ல பல பேர் தான் எப்போ எந்த பேண்டுல பேசினோம்னு லாக் புக் வெச்சிருப்பாங்க, ரெண்டையும் ஒத்து பாத்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். அவரோட டிரான்ஸ்மிட்டர் சட்டப்படி சுத்தமா இருந்தும் உங்க ஆம்ப் பாடலாம், ஏன்னா கேக்கக்கூடாததை கேக்குறது ஆம்ப்போட குறை, ஆனாலும் அவர் கிட்ட ஃபெரைட் வளையம் இருக்க வாய்ப்பிருக்கு, கேட்டா மாட்டிக் குடுத்துட்டும் போகலாம். வெளிய கரண்டு கம்பத்துல இருந்து வர்ற கொர்ர்ர்க்கு வேற அடையாளம், லூசான உலோக பாகத்துல ஸ்பார்க் அடிக்கிறதால வர்றது நல்ல வெயில் காய்ஞ்ச நாள்ல ஜாஸ்தியா இருந்து மழை பெஞ்சா நின்னுடும். அதை கரண்டு ஆபீஸ்லதான் சொல்லணும், கம்பத்தை தட்டி பாக்குறேன், கம்பியை ஆட்டி பாக்குறேன்னு கிளம்பிடாதீங்க.

கடைசியா நிறைய பேர் சறுக்குற ஒரு இடம் இருக்கு. ஃபெரைட் ஒண்ணை ஸ்பீக்கர் வயர்ல மாட்டுறோம், மாற்றம் இல்ல, கழட்டி பவர் கார்டுல மாட்டுறோம், அங்கயும் மாற்றம் இல்ல, சரி ஃபெரைட்டே வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணிடுறோம். நிஜத்துல ரேடியோ ரெண்டு வாசல்லயும் சம அளவுல வந்துட்டிருக்கும், ஒண்ணை மூடினா இன்னொண்ணு வழியா வர்றதால காதுக்கு பெருசா வித்தியாசம் தெரியாது. அதனால ஒண்ணு மாட்டி பலன் தெரியலைன்னாலும் அதை கழட்டாம அப்படியே விட்டுட்டு அடுத்த வயருக்கு போங்க, அதுக்கும் மாட்டுங்க, அடுத்ததுக்கும் மாட்டுங்க, சத்தம் சுத்தமா நின்னப்புறம் மட்டும் ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வாங்க, எதை கழட்டினதும் அந்த குசுகுசு திரும்ப ஆரம்பிக்குதோ அதை மட்டும் திரும்ப மாட்டி டேப் போட்டு ஒட்டிட்டு மிச்சத்தை எடுத்து டிராயர்ல போட்டுடுங்க.